அம்மாவோட ஆயிரம் ரூபாய் நின்னு போச்சா? தப்பு எந்த ரிஜிஸ்டர்ல இருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க!



வழக்கமா இங்க எஸ்.ஐ.பி., டேர்ம் இன்ஷூரன்ஸ், வருமான வரின்னு பேசுவோம். இன்னைக்கு மாசம் ஆயிரம் ரூபாயைப் பத்திப் பேசப் போறோம். "ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கட்டுரையா?"ன்னு நினைக்காதீங்க. வருஷத்துக்கு 12,000 ரூபாய். அதுவும் வீட்ல அம்மா பேருக்கு, அம்மா கைக்கு வர்ற பணம். யார்கிட்டயும் கேட்காம எடுத்துச் செலவு பண்ணக்கூடிய பணம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்துல தொடங்குச்சு. விண்ணப்பம் வந்தது சுமார் 1.63 கோடி. முதல் கட்டத்துல ஏற்கப்பட்டது சுமார் 1.06 கோடி. அதாவது, சுமார் 57 லட்சம் விண்ணப்பங்கள் நிராகரிப்பு.

அந்த 57 லட்சத்துல எங்க சித்தியும் ஒருத்தங்க.

சித்திக்கு வந்த மெசேஜ்

சித்தி வீடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல. சித்தப்பா சிற்பக்கூடத்துல தினக்கூலி. கல்லுக்கு பாலிஷ் போடுற வேலை. அப்போ தம்பி காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்தான். வீட்டு வருமானம் எந்தக் கணக்குல பார்த்தாலும் திட்டத்தோட வரம்பான வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தொடாது.

ஆனா போன்ல வந்த மெசேஜோட சாரம் இதுதான்: உங்க குடும்பத்துல நாலு சக்கர வாகனம் இருக்கு, அதனால விண்ணப்பம் ஏற்கப்படல.

சித்தி எனக்கு போன் பண்ணி, "ஏம்ப்பா, எங்க வீட்ல இருக்கிறது ஒரு ஓட்டை டி.வி.எஸ். ஃபிப்டி. அதுக்கு எப்படா நாலு சக்கரம் வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல.

விசாரிச்சுப் போன இடத்துல சொன்னது ஒரே வரி: "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுதுங்கம்மா." அங்க உட்கார்ந்திருந்தவர் மேல தப்பு இல்ல. அவர் கையில இருந்தது ஒரு ஸ்கிரீன். அதை மாத்துற பட்டன் அவர்கிட்ட இல்ல.

அப்புறம் சித்தப்பாவைக் கூப்பிட்டு நிதானமா கேட்டேன். "முன்னாடி எப்பவாவது கார் வச்சிருந்தீங்களா?" கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ஆமாப்பா. டூரிஸ்ட் ஓட்டலாம்னு ஒரு பழைய கார் வாங்கினேன். கட்டுப்படியாகல. 2017-ல புரோக்கர்கிட்ட வித்துட்டேனே. எல்லா பேப்பர்லயும் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன்."

எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தோம். வித்து ஆறு வருஷம் ஆச்சு. ஆனா ஆர்.சி. இன்னும் சித்தப்பா பேர்லயே இருக்கு. இவர் கையெழுத்து போட்டுக் கொடுத்த படிவம் புரோக்கர் மேஜையைத் தாண்டவே இல்ல.

தப்பு ஒரு இடத்துல, தண்டனை வேற இடத்துல

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதான். இந்த மாதிரி நிராகரிப்புகள்ல தப்பு நடந்த இடம் வேற, பணம் நிக்கிற இடம் வேற. பணம் நிறுத்துற துறை தானா எதையும் கண்டுபிடிக்கிறது இல்ல. போக்குவரத்து, வருமான வரி, மின்சாரம், நிலப் பதிவு, ரேஷன் கார்டுன்னு மத்த துறைகளோட டேட்டாவை வாங்கி ஆதார், குடும்ப அட்டையோட ஒப்பிட்டுப் பார்க்குது. அதுல ஏதாவது ஒரு பதிவு தப்பா இருந்தாலும், இங்க கதவு மூடிக்கும்.

நாம என்ன பண்றோம்? மூடின கதவுகிட்டயே நின்னு சண்டை போடுறோம். சாவி வேற ஆபீஸ்ல இருக்கு.

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்ல. ஆஸ்திரேலியாவுல 'ரோபோடெட்'னு ஒரு விவகாரம். அங்க அரசு உதவித்தொகையை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கணக்குப் பண்ணுவாங்க. 2015-ல இருந்து, வரித் துறையில இருக்கிற ஒருத்தரோட வருஷ வருமானத்தை எடுத்து 26-ஆல வகுத்து, 'நீ ரெண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதிச்சிருக்க'ன்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணுச்சு. ஒருத்தர் முதல் ஆறு மாசம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார்னு வைங்க. அடுத்த ஆறு மாசம் வேலை இல்லாம உதவித்தொகை வாங்குறார். கம்ப்யூட்டர் கணக்குப்படி அவர் வருஷம் முழுக்க ரெண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதிச்சவர். அதனால வாங்கின உதவியைத் திருப்பிக் கட்டுன்னு நோட்டீஸ். லட்சக்கணக்கான பேருக்கு இப்படிப் போச்சு. அந்த முறை சட்டப்படி செல்லாதுன்னு 2019-ல முடிவாச்சு. 2023 ஜூலையில விசாரணை ஆணையத்தோட அறிக்கையும் வந்துச்சு. வகுத்தல் கணக்கு சரி. அதைப் போட்ட இடம் தப்பு.

அதனால "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு நினைச்சு அமைதியா இருந்துடாதீங்க.

மேல்முறையீடு வீண் வேலையா?

நம்பர் பேசட்டும். நிராகரிக்கப்பட்டவங்க மெசேஜ் வந்த 30 நாளுக்குள்ள இ-சேவை மையம் மூலமா மேல்முறையீடு பண்ணலாம்னு அரசு சொன்னது. அதை முடிவு பண்றவர் வருவாய் கோட்டாட்சியர். மேல்முறையீடு பண்ணினவங்க சுமார் 12 லட்சம் பேர். அதுல 7.35 லட்சம் பேருக்கு ஏற்கப்பட்டு, 2023 நவம்பர் 10-ல இரண்டாம் கட்டமாப் பணம் போச்சு.

கேட்டவங்கள்ல பத்துக்கு ஆறு பேருக்குக் கிடைச்சிருக்கு. கேட்காதவங்க எல்லாருமே தகுதி உள்ளவங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா 57 லட்சத்துல அஞ்சுல ஒருத்தர்தான் திரும்பக் கேட்டிருக்காங்க. மீதிப் பேர்ல எத்தனை சித்திங்க "சரி, நமக்குக் கொடுப்பினை இல்ல"ன்னு விட்டுட்டாங்களோ?

எங்க சித்தியும் மூணு வாரம் அப்படித்தான் விட்டு வச்சிருந்தாங்க. நாங்க மேல்முறையீடு போட்டது 27-வது நாள்.

என்ன செய்யணும்? அஞ்சு படி

1. காரணத்தை எழுத்துல வாங்குங்க. மெசேஜ் வந்திருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோட சேமிச்சு வைங்க. 30 நாள் கணக்கு அந்தத் தேதியில இருந்துதான் ஓடும். எந்த நலத் திட்டமா இருந்தாலும் வாய்வழி பதிலோட வீட்டுக்கு வராதீங்க. காரணமே சொல்லலையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள்ள பதில். "நியாயம் செய்யுங்க"ன்னு எழுதாதீங்க. "எந்தத் துறையோட எந்தப் பதிவை வச்சு இந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது? அந்தப் பதிவோட நகல் வேணும்"னு கேளுங்க.

2. அந்தக் காரணம் எந்த ரிஜிஸ்டர்ல இருக்குன்னு கண்டுபிடிங்க.

- *நாலு சக்கர வாகனம்:* போக்குவரத்துத் துறைப் பதிவு. வித்த வண்டி, இறந்துபோன தாத்தா பேர்ல இருக்கிற டிராக்டர், எல்லாத்தையும் பாருங்க.
- *வருமானம், வருமான வரி:* பான் நம்பர். வருமான வரி இணையதளத்துல ஏ.ஐ.எஸ். எடுத்துப் பாருங்க. வேற யாரோட பரிவர்த்தனையாவது உங்க அப்பா பான்ல ஏறியிருந்தா, அங்கேயே 'இது வேற பான் சம்பந்தப்பட்டது'ன்னு பதில் பதிவு பண்ற வசதி இருக்கு.
- *நிலம்:* நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர்தான் வரம்பு. கூட்டுப் பட்டாவுல பங்காளிங்க எல்லார் பேரும் இருக்கும், யாருக்கு எவ்வளவுன்னு இருக்காது. சிட்டா எடுத்துப் பாருங்க.
- *மின்சாரம்:* வருஷத்துக்கு 3,600 யூனிட் வரம்பு. மாடியில வாடகைக்கு இருக்கிறவங்களும் உங்க மீட்டர்லயே ஓட்டுறாங்களா?
- *அரசு வேலை, ஓய்வூதியம்:* ரேஷன் கார்டு. அரசு வேலைக்குப் போய்த் தனிக்குடித்தனம் இருக்கிற அண்ணன் பேரு இன்னும் அம்மா கார்டுலயே இருக்கலாம்.
- *ஏத்துக்கிட்டாங்க, ஆனா பணம் வரல:* இது வேற விஷயம். ஆதாரோட இப்போ எந்த வங்கிக் கணக்கு இணைஞ்சிருக்குன்னு ஆதார் இணையதளத்துல பாருங்க. எப்பவோ தொடங்கி மறந்துபோன கணக்குக்குப் போயிருக்கலாம். மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு வங்கி பிடிச்சிருந்தா, வங்கிக்கு எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கியோட ஆம்புட்ஸ்மேன்கிட்ட இலவசமாப் போகலாம். அம்மாவுக்கு மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்கா மாத்திடுறது இன்னும் நல்லது.

3. ரெண்டு வேலையையும் ஒரே நேரத்துல ஆரம்பிங்க. "முதல்ல ஆர்.சி. மாறட்டும், அப்புறம் மேல்முறையீடு போடலாம்"னு உட்கார்ந்தா 30 நாள் போயிடும். ஒரு பக்கம் மூலப் பதிவைத் திருத்த மனு, இன்னொரு பக்கம் மேல்முறையீடு. முதல் மனுவோட ஒப்புகைதான் ரெண்டாவதுக்கு ஆதாரம்.

இங்க ஒரு குழப்பம் வரும். சித்தப்பா, "ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகணும்னு சொன்னியே, போனேன், இங்க இல்லைங்கிறாங்க"ன்னு போன் பண்ணாரு. வண்டிக்கும் ஒரு ஆர்.டி.ஓ., வருவாய்க்கும் ஒரு ஆர்.டி.ஓ. வண்டிக்கானது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். மேல்முறையீட்டை முடிவு பண்றது வருவாய் கோட்டாட்சியர். மாமல்லபுரம்னா திருக்கழுக்குன்றம் வட்டம், செங்கல்பட்டு கோட்டம். 2019 நவம்பர் 29-க்கு முன்னாடி எடுத்த ஆவணங்கள்ல நம்ம பக்கம் எல்லாம் 'காஞ்சிபுரம் மாவட்டம்'னு இருக்கும். அன்னைக்குத்தான் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆச்சு. ஆதார்ல ஒரு மாவட்டம், கார்டுல ஒரு மாவட்டம்னு இருந்தா, இதை ஒரு வரியில மனுவுலயே சொல்லிடுங்க.

4. ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க. கஷ்டத்தை எழுதத் தோணும். அதுக்கு முன்னாடி நாலு விஷயம் இருக்கணும்: விண்ணப்ப எண், குடும்ப அட்டை எண், சொல்லப்பட்ட காரணம், அது ஏன் தப்பு. கீழ ஆதாரங்களோட பட்டியல். சித்திக்கு நாங்க வச்சது மூணுதான்: 2017-ல புரோக்கர் எழுதிக் கொடுத்த டெலிவரி ரசீது, போக்குவரத்து அலுவலகத்துல கொடுத்த மனுவோட ஒப்புகை, குடும்ப அட்டை நகல். எதைக் கொடுத்தாலும் ஒரு நகல்ல தேதி, முத்திரையோட கையெழுத்து வாங்கிக்கோங்க.

5. பதில் வரலைன்னா மேல போங்க. முதல்வரின் உதவி மையம் 1100. கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள். ரெண்டுலயும் மனு எண் கிடைக்கும். அடுத்த தடவை பேசும்போது கதையைச் சொல்லாதீங்க, எண்ணைச் சொல்லுங்க.

சித்தி விஷயத்துல வீட்டுக்கு வந்து விசாரிச்சாங்க. பக்கத்து வீட்ல கேட்டாங்க. கொஞ்ச நாள்ல பணம் வர ஆரம்பிச்சுது. புரோக்கரைப் பிடிச்சு, வாங்கினவரைத் தேடி, ஆர்.சி.யை மாத்துறதுக்குத்தான் அதைவிட அதிக நாள் ஆச்சு.

வண்டி விக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை

சாவியைக் கொடுத்து காசை வாங்கிட்டா வித்தாச்சுன்னு அர்த்தம் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50-ன்படி, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா, வித்தவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும். படிவம் 29, 30 ரெண்டும் முக்கியம். ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டத்தோட பார்வையில உரிமையாளர்னு 2018-ல உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து வழக்குல சொல்லியிருக்கு. சித்தப்பாவுக்குப் போனது உதவித்தொகையோட நின்னுச்சு. அந்த வண்டி யாரையாவது இடிச்சிருந்தா நஷ்ட ஈடு கேட்டு இவர் வீட்டுக்கு வந்திருப்பாங்க.

சம்பளம் வாங்குற நாம பண்ற வேலை

இப்போ உங்ககிட்ட வர்றேன். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, சிறுசேரின்னு வேலை பார்க்கிற நிறைய பேர் வரி மிச்சம் பண்றதுக்காக அம்மா பேரை இஷ்டத்துக்கு இழுப்பாங்க.

ஒண்ணு, எச்.ஆர்.ஏ. பழைய வரி முறையில இருக்கிறவங்க, "அம்மாவுக்கு மாசம் 15,000 வாடகை தர்றேன்"னு ஆபீஸ்ல எழுதிக் கொடுப்பாங்க. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா வீட்டு உரிமையாளரோட பான் கொடுக்கணும். ஆக, அம்மா பான்ல வருஷத்துக்கு 1.8 லட்சம் வாடகை வருமானம்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க. வீடு அம்மா பேர்ல இல்லாம, வாடகையும் உண்மையில கொடுக்காம இருந்தா, அது பொய்க் கணக்கு. ரெண்டு பக்கமும் மாட்டும்.

ரெண்டு, எஃப்.டி. உங்க போனஸை அம்மா பேர்ல டெபாசிட் போட்டா, வட்டி அம்மாவோட வருமானமாப் பதிவாகும்.

மூணு, உங்க புது காரை அப்பா பேர்ல எடுக்கிறது.

அரசு எந்த டேட்டாவை எப்போ எடுத்துப் பார்க்கும்னு நாம ஜோசியம் பார்க்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை, ரிட்டர்ன் ஃபைல் பண்ற மாசத்துல, அப்பா அம்மாவோட பதிவுகளையும் ஒரு அரை மணி நேரம் பாருங்க. வண்டி, பான், பட்டா, ரேஷன் கார்டு, ஆதார்-வங்கி இணைப்பு. அஞ்சே விஷயம்.

கடைசியா ஒரு கஷ்டமான கேள்வி

தம்பிக்கு படிப்பு முடிஞ்சு வேலை கிடைச்சுது. மாசம் 28,000. வருஷத்துக்கு 3.36 லட்சம். அவன் பேரு இன்னும் சித்தி கார்டுலதான் இருக்கு. அவங்ககூடத்தான் இருக்கான். முதல் சம்பளம் வந்த வாரம் எனக்கு போன் பண்ணான்.

"அண்ணா, இப்போ அம்மா பணம் நின்னுடுமா? நாமளே போய்ச் சொல்லணுமா? இல்ல, நான் தனி கார்டு வாங்கிட்டா சரியாகிடுமா?"

நான் சொன்னது இதுதான். நிஜமாவே தனியாக் குடித்தனம் போனா தனி கார்டு வாங்கு. ஒரே அடுப்புல சாப்பிட்டுக்கிட்டு ஆயிரம் ரூபாய்க்காக கார்டைப் பிரிச்சா, அது பொய்ப் பதிவு. முன்னாடி தப்பான பதிவு ஒண்ணாலதான் உங்க அம்மா அலைஞ்சாங்க. இப்போ நாமளே ஒண்ணை உருவாக்க வேண்டாம். குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டியாச்சு. எழுதிக் கொடுத்துடு. ஒப்புகை வாங்கிக்கோ.

சித்திக்கு இது பிடிக்கல. "அவன் சம்பளம் அவனுது. இது என் பேருக்கு வந்ததுப்பா"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவங்க சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. அம்மா கைக்குன்னு தனியா வந்த பணம் நிக்கும்போது, அந்த இடத்தை வீட்டு வருமானம் தானா நிரப்பிடாது.

தம்பிதான் வழி கண்டுபிடிச்சான். ஒவ்வொரு மாசமும் 15-ம் தேதி அம்மா கணக்குக்கு ஆயிரம் ரூபாய் தானாப் போற மாதிரி வங்கியில ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுட்டான். என்ன செலவுன்னு அவன் கேட்கிறதும் இல்ல, அவங்க சொல்றதும் இல்ல.

நீங்களும் இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. ஊர்ல அப்பா எப்பவோ வித்த வண்டி ஏதாவது இருக்கா? நம்பரைக் கேட்டு, அது இன்னும் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க.